தண்ணி மாதிரி தெளியற வரைக்கும்

— கதவத் திறந்திராத அக்கா!

— திறக்கலடா. கலர் என்னன்னு மட்டும் சொல்லு.

— அம்பத்திரண்டு வயசுல இதையெல்லாம் கூடப்பிறந்தவகிட்ட சொல்லணும்னு என் தலையில எழுதியிருக்கு.

— உனக்குக் கழுவி விட்டு வளத்தவளே நான்தான். வெக்கப்படாம சொல்லு.

— டீ கலர். பால் ஊத்தாத டீ.

— அப்ப பேதி மருந்து இன்னும் நாலு டம்ளர் குடிக்கணும். தண்ணி மாதிரி தெளிவா வர்ற வரைக்கும் விடக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. கதவு இடுக்குல கைய நீட்டு, இந்தா.

— சோப்புத் தண்ணியே தேவலாம் போலிருக்கு. ஊரான் மூஞ்சிக்கெல்லாம் நுரை தடவுனேன்ல, அத்தனையும் இப்ப எனக்கே திரும்பி வருது.

— வாய மூடிட்டுக் குடி.

— வாய மூடிட்டு எப்படிக் குடிக்கிறது? கேளு அக்கா, நம்ம சலூன் கடைக்கு ஒரு வாத்தியார் வருவாரு, அவரு சொல்றாரு...

— உன் கடைக்கதை எல்லாம் அப்புறம். மேலருந்து குழாய் விட்டுப் பாத்தாச்சு, கீழருந்து விட்டுப் பாத்தாச்சு. ரத்தம் எங்கேருந்து போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாளைக்கு அந்தக் கேமரா மாத்திரை உள்ள போயி நடுக்குடலப் படம் எடுத்தாத்தான் உண்டு. குடல் கலங்கலா இருந்தா அதுக்கும் கண்ணு தெரியாது. ரெண்டு தடவ ரத்தம் ஏத்தியாச்சுடா. இன்னொரு தடவ நீ விழுந்தா என்னால தாங்க முடியாது.

— சரி சரி, குடிச்சிட்டேன். அழாத. எனக்கு இத விட அந்த மாத்திரைய முழுங்குறதுதான் பயமா இருக்கு. சின்னதுல காய்ச்சல் மாத்திரையக்கூட நீ நுணுக்கித்தானே குடுப்ப.

— இத நுணுக்க முடியாது. உள்ள லைட்டு, பேட்டரி எல்லாம் இருக்காம்.

— முழுங்கினதும் அது அனுப்புற படத்தப் பிடிக்க இடுப்புல ஒரு பெல்ட்டக் கட்டி விடுவாங்களாம். சாயந்திரம் வரைக்கும் நான்தான் டிவி ஸ்டேஷன்.

— ஆமாமா, இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க, எழுதி எடுத்துட்டுப் போகணும். நான் படிக்கிறேன், நீ சொல்லு. சிகரெட்?

— இல்ல.

— குடி?

— இந்த ரெண்டு லிட்டரத் தவிர ஒண்ணும் இல்ல.

— ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு மாத்திரை?

— மாத்திரைன்னு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இல்லன்னு போட்டுக்கிட்டே போ.

— இரு, வலி மாத்திரைக்குத் தனியாக் கேட்டிருக்கு. என்ன மாத்திரை, எத்தன, எவ்வளவு நாளா.

— இல்லவே இல்லன்னு எழுது. முட்டிவலியவே மாத்திரை இல்லாம ஓட்டினவன்க்கா நான்! நின்னு ஒரு தலைய வெட்டி முடிக்க முடியாம, கடைய வித்துடலாம்னு உங்கிட்ட வந்து அழுதேன்ல? தன்னால போச்சா இல்லையா? வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றேன், உடம்ப சும்மா விட்டா அதுவே சரி பண்ணிக்கும்னு. சரிதானே? எழுதிட்டியா அக்கா?

— இதுக்குக் கீழயே சின்ன எழுத்துல போட்டிருக்குடா. இந்த மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டா குடல் புண்ணாகி ரத்தம் கசியலாம்னு.

— கசியட்டுமே, சாப்பிடறவன் கவலைப்படட்டும். நமக்கென்ன?

— தம்பி.

— என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?

— கொஞ்சம் வெளிய வாடா.

— எழுந்திருக்க முடியல, வயிறு மறுபடியும் பிசையுது. அங்கருந்தே சொல்லு.

— எனக்கு இடுப்பு வலிக்குக் குடுத்த மாத்திரை. நான் போடல. உன் முட்டிக்குப் போட்டேன். நீ கடைய வித்துட்டா வீட்டுல முடங்கிடுவியேன்னு... தினமும் ரெண்டு. நுணுக்கி, உனக்குக் கடைக்கு அனுப்புற காபிப் பிளாஸ்க்குல கலந்தேன்.

— எத்தன நாளா?

— ரெண்டு வருஷமா. நேத்து வரைக்கும்.

— நான் ரத்தம் போயி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த பிறகுமா?

— வந்த பிறகும்தான். நுணுக்கிப் பழகின கையிதானே, அது மருந்துன்னே எனக்குத் தோணலடா. சர்க்கரை போடுற மாதிரி போட்டேன். உன்னக் கொல்லப் பாத்தேன்டா பாவி நான். ஏதாவது திட்டு.

— அந்த மாத்திரை யாருக்கானாலும் இப்படித்தான் பண்ணுமா?

— வயசானவங்கன்னா இன்னும் மோசமாம், போட்டிருக்கு. ஏன்டா கேக்குற?

— ஃபோன எடு அக்கா, சீக்கிரம். பிளாஸ்க்குல வர்றதுல பாதிதான் நான் குடிப்பேன். மீதிய தினமும் பக்கத்துக் கடை தையக்காரருக்கு ஊத்திக் குடுப்பேன். வயசான ஒண்டிக்கட்டை மனுஷன், தலை சுத்துது தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மூணு நாளா அவரு கடையத் திறக்கல.