வாசலில் நிற்கும் வேனுக்கும் கேட்கட்டும்

இந்தத் திருமணத்தைத் தலைமையேற்று நடத்தித் தருவதற்காக விடிந்ததும் வந்து, போர்த்திய சால்வையைக் கூடக் கழற்றாமல் காத்திருக்கும் பெரியவர் தங்கசாமி ஐயா அவர்களே, மணமகனைப் பெற்று வளர்த்த என் அண்ணன் சாமிக்கண்ணு அவர்களே, அண்ணி மருதாயி அவர்களே, கரும்புக் காட்டு வேலையை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு எறையூரிலிருந்து வந்திருக்கும் பெண் வீட்டுப் பெருமக்களே, தா.பழூரிலிருந்தும் ஏலாக்குறிச்சியிலிருந்தும் பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருக்கும் உறவுகளே, லப்பைக்குடிக்காட்டு நண்பர்களே, பந்தி தள்ளிப்போனாலும் முகம் கோணாமல் பிள்ளைகளை மடியில் அமர்த்தியிருக்கும் தாய்மார்களே, மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் மேளக்காரர்களே, கடைசி வரிசையில் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்திருக்கும் மாப்பிள்ளைத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் மணமகனின் அத்தை மலர்கொடியின் பணிவான வணக்கம்.

இந்த வணக்க வரிசையில் ஒரு பெயரை விட்டிருக்கிறேன். மறந்துவிடவில்லை. யாரும் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்ப வேண்டாம். அது வர வேண்டிய நேரத்தில் வரும்.

மைக் செட் தம்பி, வாசலில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரை மட்டும் நிறுத்திவிடாதே. நான் பேசுவது உள்ளே இருக்கும் உங்களுக்கு மட்டுமில்லை. வேப்பமரத்தடியில் எறையூர் வேன் ஒன்று நிற்கிறதே, அதற்கும் கேட்க வேண்டும்.

அவையோரே, மணமேடை தயார். மாலை தயார். மணமகன் வீரமணி இதோ நிற்கிறான். மணமகள் எங்கே என்று கேட்கிறீர்கள். மகள் வெற்றிச்செல்வி அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வந்தால்தான் வருவேன் என்கிறாள். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் அந்த வேனில் உட்கார்ந்திருக்கிறார். இறங்க மாட்டேன் என்கிறார். நல்ல நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. ஏன் இப்படி? உங்களில் யாருக்காவது தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். எல்லார் போனிலும் அந்தப் படம் இருக்கிறது.

மண்டப வாசலில் மாப்பிள்ளைத் தோழர்கள் ஒரு பிளக்ஸ் கட்டினார்கள். நம்மூர்க் கல்யாணத்தில் பிளக்ஸ் கட்டுவது புதிதில்லை. இந்தப் பிள்ளைகள் சினிமாப் பைத்தியங்கள், அதனால் கல்யாணத்தையே ஒரு படமாக்கி விமர்சனம் எழுதியிருந்தார்கள். ஹீரோ ஓகே. ஹீரோயின் அருமை. சாப்பாடு நூற்றுக்கு நூறு. அதுவரை நானும் படித்துச் சிரித்தேன். அதற்குக் கீழே ஒரு வரி. "ஹீரோயின் அப்பா கேரக்டர்: இடைவேளைக்குப் பிறகு ஆளையே காணோம். கிளைமாக்ஸில் கௌரவத் தோற்றம் உண்டா? சஸ்பென்ஸ்."

இதை நான் ஏன் மைக்கில் படிக்கிறேன்? கொளஞ்சியம்மாளைக் கேட்டுவிட்டுத்தான் படிக்கிறேன். "படிங்கக்கா, எல்லாரும் படிச்சதுதான, நீங்களும் படிங்க" என்று அவரே சொன்னார்.

அவையோரே, சினிமாவைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவதற்கு நான் எதிரியா? இல்லவே இல்லை. இந்தப் பெரம்பலூரில் என்னைவிட அதிகமாகப் படம் பார்த்தவர் யாராவது இருந்தால் கை தூக்கட்டும். போன மாதம் ஒரு படம் பார்த்துவிட்டுக் கண் சிவக்க வெளியே வந்தேன். டீக்கடையில் இதே பிள்ளைகள் நின்றார்கள். "அத்தை, இதுக்குப் போயி அழுவுறீங்களே, நாங்க பேரு போடுறப்பவே தூங்கிட்டோம்" என்று சிரித்தார்கள். "அரிவாளத் தூக்குனாத்தான்டா உங்களுக்கெல்லாம் படம்" என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். சிரித்தோம், டீ குடித்தோம், வீட்டுக்குப் போனோம். படம் ஆகாது என்றால் ஆகாது என்று சொல்லுங்கள். கதை இல்லை என்று சொல்லுங்கள். கத்திக் கத்திச் சொல்லுங்கள். காசு கொடுத்தோம், கால் கடுக்க நின்றோம், கருத்துச் சொல்கிறோம். வந்து பாருங்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்று நம்மைக் கூப்பிட்டது சினிமா.

கொளஞ்சியம்மாள் கூப்பிட்டாரா? அவர் வீட்டுக் கதவில் போஸ்டர் ஒட்டியிருந்தாரா? அவர் பட்ட பாட்டுக்கு உங்களில் யார் டிக்கெட் எடுத்தீர்கள்? படத்தில் காணாமல் போகிற அப்பா, காட்சி முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார். வெற்றிச்செல்வியின் அப்பா வீட்டுக்கு வரவில்லையே.

என்னது, பின்னாலிருந்து யார்? விளையாட்டுக்குப் போட்டதுதானே என்கிறீர்களா? சரி, விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். நம் கல்யாணங்களில் கேலிக்குப் பஞ்சமா? நலங்கு வைக்கும்போது சம்பந்திக்குச் சம்பந்தி ஏசிப் பாடியது இல்லையா? மாப்பிள்ளையின் மூக்கைப் பாடினார்கள், மாமியாரின் நடையைப் பாடினார்கள். ஆனால் முகத்துக்கு நேரே நின்று பாடினார்கள். அடுத்த நிமிடமே அந்தப் பக்கத்திலிருந்து பதில் பாட்டு வந்தது. விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் ஆள் இறங்க வேண்டாமா? பத்தடி பிளக்ஸுக்கு அந்த அம்மா என்ன பதில் பாட்டுப் பாடுவார்? அங்கே இல்லாத மனிதர் என்ன பாடுவார்?

அவர் யார் என்று தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கொத்து வேலைக்கு வளைகுடா போனவர். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். மகள் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்பது வரைக்கும் கேட்பாராம். ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கம்பெனியைக் கேட்டால் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். கொளஞ்சியம்மாள் ஏறாத ஆபீஸ் இல்லை, கொடுக்காத மனு இல்லை. காரியத்தை முடித்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கரும்பு வெட்டினார், மகளைப் படிக்க வைத்தார், இன்றைக்கும் நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில், அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். "திருன்னு போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவரின் கதையைத்தான் இடைவேளை என்றும் கிளைமாக்ஸ் என்றும் எழுதினீர்கள். தம்பிகளே, நீங்கள் விமர்சனத்தில் கில்லாடிகள் ஆயிற்றே, உங்களையே கேட்கிறேன். இன்னும் முடியாத படத்துக்கு எந்த ஊரில் விமர்சனம் எழுதுகிறார்கள்? அந்த அம்மாவே முடிவு தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் அதற்குள் மார்க் போட்டுவிட்டீர்களே.

எழுதியவன் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் இங்கே சொன்னால் அதுவும் இன்னொரு பிளக்ஸ்தான். ஆனால் ஒரு பெயரை, அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு சொல்கிறேன். லப்பைக்குடிக்காடு முகமது அனஸ். அவன் அத்தா நஜீமுதீன் வளைகுடாவில்தான் இருக்கிறார். காணாமல் போனவரின் போட்டோவை வைத்துக்கொண்டு, லீவு நாட்களில் தொழிலாளர் கேம்ப் ஒவ்வொன்றாக ஏறி இறங்கித் தேடியவர் அவர். அதனால் தோழர்கள் வாட்ஸப் குரூப்பில் அந்த வரி வந்ததுமே, "இது வேணாம்டா" என்று போட்டவன் அனஸ் ஒருவன்தான். அதற்குப் பதில் வந்ததா? சிரிப்புப் பொம்மைகள்தான் வந்தன. கொஞ்ச நேரம் கழித்து அனஸும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். ஏன் தம்பி போட்டாய் என்று கேட்டேன். "எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் மூஞ்சத் தூக்கி வச்சிருந்தா, கல்யாண நேரத்துல கடுப்பேத்துறான்னு சொல்லுவாங்கங்க அத்தை" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

யோசித்துப் பாருங்கள் பெரியோர்களே. அந்த வரியை எழுதியவன் ஒருவன். சிரித்தவர்கள் எத்தனை பேர்? வாசலில் நின்று போட்டோ எடுத்தவர்கள் எத்தனை பேர்? எடுத்ததை அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் தாய்மார்களும் உண்டு, முன்வரிசைக்காரர்களும் உண்டு. தலை குனிய வேண்டாம், கேட்டால் போதும்.

வீரமணிக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்ததும் பட்டு வேட்டியோடு கம்பத்தில் ஏறித் தன் கையாலேயே கிழித்தான். அவன் முழங்கையில் இருக்கும் காயம் அங்கே பட்டதுதான். அதற்குப் பிறகு நான் வேனுக்குப் போனேன். "சம்பந்தியம்மா, போர்டைக் கழட்டியாச்சு, வாங்க" என்றேன்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போர்டக் கழட்டிட்டீங்கக்கா. நான் உள்ள நுழையறப்ப எல்லாரும் என்னயத் திரும்பிப் பாப்பாங்கள்ல, அப்ப அவங்க மனசுல அந்த வரிதான ஓடும்? அத யாரு கழட்டுறது?" என்றார்.

நான் மேடை மேடையாகப் பேசுகிறவள். பட்டிமன்றத்தில் எதிரணியை வாயடைக்க வைப்பாள் என்று பெயர் வாங்கியவள். வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான் என்னதான் செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

அவர் வாசல் குழாயைக் கைகாட்டினார். அப்புறம் சொன்னார். "காலையிலேருந்து எல்லாரும் அவரப் பத்திதான் பேசுறாங்க. ஒருத்தரும் பேரச் சொல்லல. மைக்குல அவரு பேர ஒருதரம் ஒழுங்காச் சொல்லுங்க. யாரும் சிரிக்காம இருக்காங்களான்னு நான் இங்கேருந்து கேட்டுக்கிறேன்."

சீர் கேட்கவில்லை, செய்முறை கேட்கவில்லை, மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை அவையோரே. ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரிய மரியாதை. இதைக் கொடுக்க நம்மால் முடியாதா? இத்தனை பேர் கூடியிருக்கும் இந்த மண்டபத்தில் அதற்கு வழியில்லையா?

போனைக் கீழே வையுங்கள். பிள்ளைகளைக் கொஞ்சம் அமர்த்துங்கள். ஃபேன் சத்தம் இருக்கட்டும், பரவாயில்லை. நான் விட்டுவைத்த வணக்கத்தை இப்போது சொல்கிறேன்.

மணமகள் வெற்றிச்செல்வியைப் பெற்றவர், மகளுக்காகக் கடல் கடந்து போனவர், கொளஞ்சியம்மாளின் கணவர், எறையூர் திரு. ராசாங்கம் அவர்களே, உங்களுக்கு இந்தச் சபையின் வணக்கம்.

இந்த அமைதிக்கு நன்றி.

யாரது எழுந்து போவது? சட்டை நிறம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. தெரியவும் வேண்டாம். போ தம்பி, நேரே வேனுக்குத்தான் போகிறாய் என்று நினைக்கிறேன். அனஸ், நீயும் கூடப் போ. வேன் படி உயரம், இறங்கும்போது கை கொடுங்கள்.

மேடையிலிருந்து எனக்கு வாசல் தெரிகிறது. வெற்றிச்செல்வி, அம்மாடி, தாழ்ப்பாளைத் திற. உங்கம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

வழி விடுங்கள். திரும்பிப் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். இப்போது உங்கள் மனதில் ஓடுவது எது என்று அவருக்குத் தெரியும். மணமேடையில் கொளஞ்சியம்மாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். தாய்மாமன் கூடக் கொஞ்சம் தள்ளியே நிற்கட்டும். அந்த இடத்துக்கு உரியவர் இருக்கிறார்.

தலைவர் ஐயா அவர்களே, தாலியை எடுத்துக் கொடுங்கள். மேளக்காரர்களே, மேளத்தைத் தோளில் மாட்டுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வேனில் இருந்து கேட்ட அந்தத் தாய்க்கும் நன்றி கூறி, மணமக்கள் மனம் ஒத்து வாழ்க என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.