இரவல் கொடுத்த இரண்டு கிளாம்ப்

“பதினாறு நாளாச்சு. என் பொருளை நான் கேட்டா அது தப்பா?” என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

“கேக்கறது தப்பில்லக்கா, கத்தறதுதான் தப்பு” என்று தம்பியும் கத்தினான். “கான்கிரீட் இன்னும் கொஞ்சம் இறுகட்டும். நாலு நாள் பொறு.”

“மரை முழுக்க சிமெண்ட்டு ஏறிக் கிடக்கு. இன்னும் நாலு நாள் விட்டா அதுவும் உன் பூந்தொட்டி மாதிரி ஆயிடும். ஒருத்தருக்கும் ஆகாது.”

எதிர்வீட்டு டெய்லர் வாயில் ஊசியும் நூலுமாக ஜன்னலுக்கு வந்துவிட்டார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனாலும் எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் கையில் ஏதாவது துணியை எடுத்துக்கொண்டுதான் வருவார், வேலையாக நிற்பதுபோல இருக்க வேண்டுமே.

அந்தச் சண்டையிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள், தொடங்கிவிட்டேன். தெருவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அக்கா தன் கிளாம்பைக் கேட்டாள், தம்பி கழற்றப் போனான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

கிளாம்ப் என்றால் மேசைக்கடியில் கிடக்கிற சின்னச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். என் கை நீளம் இருக்கும். கதவுப் பலகைகளைப் பசை போட்டு ஒட்டும்போது இறுக்கிப் பிடிப்பதற்காக, என் அப்பா பிறப்பதற்கு முன்பே யாரோ வார்த்த இரும்பு. நான் மரச்சாமான் தொழிற்சாலையில் முப்பது வருடம் கருவி அறையில் வேலை பார்த்தேன். காலையில் தச்சர்களுக்கு உளியும் இழைப்புளியும் எடுத்துக் கொடுப்பது, மாலையில் திரும்ப வாங்கி அதனதன் ஆணியில் மாட்டுவது. அவ்வளவுதான் வேலை. தொழிற்சாலை மின்சார இயந்திரத்துக்கு மாறியபோது பழைய கருவிகளை முற்றத்தில் குவித்தார்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள். அதன் பிறகு பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி இன்னும் சேர்த்தேன். பின்னறைச் சுவர் நான்கிலும் அவற்றை மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்பு மையால் கோடு வரைந்து வைத்திருக்கிறேன். எது இல்லையோ அதன் வடிவம் மட்டும் சுவரில் தெரியும். இத்தனை இருந்தும் நான் ஒரு பலகையைக்கூட இழைத்ததில்லை. எங்கள் தெரு அதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டும், நானும் அவர்களைப் பற்றிக் குறைவாகவா பேசியிருக்கிறேன்?

பேச்சு என் குணம், மறைக்கவில்லை. டெய்லர் மகளுக்குப் பார்த்த வரன் முறிந்துபோனதை டெய்லருக்கே நான்தான் சொன்னேன். மூன்றாம் வீட்டுக்காரர் வேலையை விட்டது அவர் மனைவிக்கு என் மூலமாகத்தான் தெரியும். இந்தத் தெருவில் என் காதுக்கு வந்த செய்தி எதுவும் என் வாயில் ஒரு நாள் தங்கியதில்லை. தங்கியது ஒன்றே ஒன்று. அதற்கு வருகிறேன்.

தம்பிக்குக் கான்கிரீட் பிடித்தது அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. கைபேசியில் யாரோ ஒருவன் சிமெண்ட்டில் பூந்தொட்டி செய்வதைப் பார்த்தான், போயிற்று. முதலில் தொட்டிகள். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், நான்கு பேர் வந்தாலும் நகராது. அடுத்து தோட்டத்துக்கு ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தவர் யாரும் இரண்டாம் முறை உட்காரவில்லை. நாய்க்கு ஒரு வீடு கட்டினான், நாய் அதைப் பார்த்த நாளிலிருந்து பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டது. தெருவில் அவனுக்கு ‘சிமெண்ட்டு’ என்றே பெயர். அவன் அதற்கும் சிரிப்பான். அவனுக்குக் கோபம் வராது. எட்டு வயதில் அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவி விட்டவள் நான், எனக்குத் தெரியும்.

அந்த வருடம்தான் அவன் மகளுக்குத் திருமணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை இந்த ஊருக்கே மாற்றலாகி வருகிறார், தனி வீடு எதற்கு, இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. எங்கே இருப்பது? வீட்டில் மிச்சமிருந்த அறை ஒன்றுதான், என்னுடைய பின்னறை.

“உனக்கு ஒரு குறையும் வராதுக்கா. பெண்கள் விடுதி ஒண்ணு பார்த்திருக்கோம். நல்ல சாப்பாடு, பேச நாலு பேரு. உனக்குப் பேச ஆள் இருந்தா போதுமே” என்றான் தம்பி.

“இதெல்லாம்?” என்று சுவரைக் காட்டினேன்.

அவன் மனைவிதான் பதில் சொன்னாள். “பழைய இரும்புக்காரர் அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வண்டியோட வர்றார் அண்ணி. ரெண்டு மூணு வேணும்னா எடுத்து வச்சுக்குங்க.”

நான் விடுதியைப் போய்ப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, எதிரே இன்னொருத்தியின் கட்டில். ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம். ஒரே ஒரு உளி கொண்டுவந்து வைத்துக்கொள்ளட்டுமா என்றேன். விடுதிக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “கத்தி, உளி மாதிரி சாமானெல்லாம் இங்க உள்ள விடறதில்லைம்மா” என்றார். திரும்பி வரும்போது எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் கெஞ்சினேன். சமையலறை மூலையில் படுத்துக்கொள்கிறேன், சுவர் மட்டும் இருக்கட்டும் என்றேன். அவன் என் தோளைத் தட்டி, “பழகிடும்க்கா” என்றான். மறுநாளே பின்னறையின் வெளிச்சுவரை இடித்துப் புது வாசல் வைத்தான். மகளும் மருமகனும் தனியாக வந்து போக வேண்டுமாம். மழையில் நனையாமல் இருக்க, வாசலுக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கான்கிரீட் சன்ஷேடு. அதையும் அவனே போடுவானாம். கலவையைத் தாங்கும் பலகைகளுக்கு அடியில் இரண்டு மரத்தூண், குறுக்கே ஒரு சட்டம். சட்டத்தைத் தூணோடு இறுக்கிப் பிடிக்க என்ன இருக்கிறது என்று தேடினான். என் சுவரிலிருந்து கிளாம்ப் இரண்டையும் எடுத்தான்.

என்னிடம் கேட்டுத்தான் எடுத்தான். கொடுத்தேன்.

கான்கிரீட் போடுகிற அன்று காலை, தம்பி சிமெண்ட் மூட்டை எடுத்துவரப் போயிருந்தான். பையும் கையுமாக வெளியூர் வேலைக்குப் பஸ் ஏறக் கிளம்பிய மேஸ்திரி எங்கள் வாசலில் நின்றார். எங்கள் தெருவில் வீடு கட்டியதெல்லாம் அவர்தான். தம்பிக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது, ஒரு தொட்டியைப் பற்றி அவர் ஏதோ குறை சொல்ல, இவன் சிரித்திருக்கிறான்.

“அம்மா, நேத்து பின் சந்துல போகும்போது பார்த்தேன். உங்க தம்பி கம்பியை அடியில கிடத்தியிருக்கார். முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிற சமாச்சாரம், மேல்பக்கம்தான் பிளக்கும். கம்பி மேல இருந்தாத்தான் பிடிச்சுக்கும். தூக்கி வைக்கச் சொல்லுங்க.”

“நீங்களே சொல்றதுதானே?”

“நான் சொன்னா, வேலை கிடைக்காத வயித்தெரிச்சல்னுவார். நீங்க சொல்லுங்க. உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஒருவேளை கான்கிரீட் போட்டுட்டார்னா, அடியில முட்டுக் கொடுத்த தூணை மட்டும் எடுக்கவே வேணாம்னு சொல்லுங்க. மூணாவது வாரம் திங்கக்கிழமை வந்துடுவேன். நானே பதமா உடைச்சுத் தர்றேன், கூலி வேணாம்.”

கலவை போட இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு டெய்லர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினோம், தபால்காரரின் இரண்டாவது மனைவியைப் பற்றிப் பேசினோம். பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் ஓயும் வரை பேசினோம். அன்றைக்கு நான் நன்றாகப் பேசினேன் என்று டெய்லர் உங்களிடமும் சொல்லியிருப்பார்.

அப்போது நான் நினைத்தது இதுதான். பலகையை எடுத்ததும் சன்ஷேடு உடைந்து கீழே விழும். தெரு சிரிக்கும். தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டு, போதும் இந்த வாசலும் வேண்டாம், அறையும் வேண்டாம் என்பாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு வீடு பார்ப்பார்கள். இவ்வளவுதான் நினைத்தேன். விழும் நேரத்தில் அடியில் யாரும் இல்லாதபடிதான் ஒவ்வொரு தடவையும் நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் அந்த கிளாம்பைக் கழற்றத் தெரிந்தவள் நான். திருகைக் கையால் சுற்ற வேண்டும். அதற்கு ஒருவர் சட்டத்துக்கு நேர் அடியில் வந்து நிற்க வேண்டும், தலையை அண்ணாந்து. வேறு விதமாகக் கழற்ற முடியாது. முப்பது வருடம் அதை மாட்டியும் கழற்றியும் கொடுத்தவளுக்கு இது தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது.

சண்டைக்கு மறுநாள் விடிந்தால் திங்கட்கிழமை. இரும்புக்காரர் வருவார், மேஸ்திரியும் வருவார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கத்தினேன்.

“சரிக்கா, சரி. ஊரைக் கூட்டாதே. இப்பவே கழட்டித் தர்றேன், போதுமா?” என்றான் தம்பி.

“அவங்களுக்கு இரும்புதான் பெரிசு, குடுத்துத் தொலைங்க” என்று உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்.

முதல் கிளாம்ப் சுலபமாக வந்தது. துணியால் துடைத்து என் கையில் வைத்தான். “இந்தா, உன் பிள்ளை. ஒரு கீறல் இருக்கா பாரு” என்றான். கீறல் இல்லை. நான் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். கறுப்புக் கோட்டுக்குள் அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு காலியாக இருந்தது. அங்கே நின்று அதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். ஒரு ஆளைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லப் போதுமான நேரம்.

வெளியே வந்தேன். அவன் இரண்டாவது கிளாம்பின் அடியில் நின்றுகொண்டிருந்தான். மரை சிமெண்ட்டில் இறுகியிருந்தது, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“தள்ளி நில்லுக்கா, கண்ணுல தூசு விழும்” என்றான்.

தள்ளி நின்றேன்.

மறுநாள் மேஸ்திரி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்தார், பையைக் கீழே போட்டார். “நான் சொன்னதைச் சொன்னீங்களாம்மா?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “சொன்னேன், கேக்கல” என்றேன். அன்று மாலைக்குள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. சொல்லியும் கேட்காத மனுஷன், பிடிவாதத்தால் போனான் என்று. அதைப் பரப்ப நான் எங்கும் போகத் தேவைப்படவில்லை. தம்பி மனைவி பின்னறை வாசலில் வந்து நின்று, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையைப் பிடிச்சு இழுத்திருப்பேனே அண்ணி. இந்த மனுஷனுக்கு எங்களைவிட அது பெரிசாப் போச்சே” என்று அழுதாள். செத்துப்போனவன்மேல் அவளுக்கு இன்றுவரை கோபம். அவன் படத்தைக்கூட அவள் வெளியே எடுத்து வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த ஒன்றுக்காகத்தான் இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். சின்ன வயதிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டாதவன்.

தம்பி மகள் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தது எனக்கு ஆச்சரியமில்லை. டெய்லர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். அத்தை அன்றைக்கு நாலு மணி நேரம் என் வீட்டில் பேசினாள், கம்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று. எனக்குப் பிறகு இந்தத் தெருவில் நன்றாக விஷயம் சேர்க்கிறவர் அவர்தான்.

தம்பி போய் நான்கு மாதம் கழித்து அவளுக்குப் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. என்னை அழைக்கவில்லை. மாப்பிள்ளை மாற்றலை ரத்து செய்துகொண்டு தன் ஊரிலேயே இருந்துவிட்டார், இவளும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். மேஸ்திரி வேறு ஊரில் மகன் வீட்டோடு இருக்கிறார், கொத்தனார் கரண்டியைத் தொடுவதில்லையாம். டெய்லர் மகளுக்கு வேறு வரன் அமைந்து அவளும் போய்விட்டாள். நாய் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்தது. புது வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். அறை பழையபடி இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை.

இனி நீங்கள் அனுப்புகிற இடத்திலும் உளியை உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். சுவரில் இருப்பதை மட்டும் யாரும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அந்த இரண்டாவது கிளாம்ப் மட்டும் லேசாக வளைந்துவிட்டது, கோட்டுக்குள் சரியாக உட்காராது. அதற்காக நான் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை.