மூன்று ஃப்ரேம் தள்ளி

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது சார். எடிட்டிங் அறையில் கிடப்பவை இடுப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆளை எழுப்பிவிடும். நான் சாயங்கால நடன வகுப்பில் சேர்ந்ததே அந்த நாற்காலிகளால்தான்.

அக்காவையும் நான்தான் கூட்டிப்போனேன். கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்கள் விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டியவர். "எனக்கு எதுக்குடி இந்த வயசுல குதிக்கிற வேலை" என்றார். முதுகுவலிக்கு நல்லது என்று இழுத்துப்போனேன். என் அப்பா மூட்டை தூக்கியவர், அம்மா சாந்துச்சட்டி சுமந்தவர். வலி என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அக்கா முன்வரிசைக்குப் போய்விட்டார். பாட்டு தொடங்குமுன்பே அவர் காலுக்குத் தெரிந்துவிடுகிறது என்று மாஸ்டர் எல்லார் முன்னிலும் சொன்னார். நான் அவருக்கு முன்பே சேர்ந்தவள். எனக்குப் பின்வரிசை, கண்ணுக்கெதிரே ஒரு பல் டாக்டரின் முதுகு. நல்ல அகலமான முதுகு. வருட நிகழ்ச்சியில் மேடை நடுவில் ஆடும் ஜோடிக்கு ஒரு பெண் வேண்டும் என்றபோது, மாஸ்டர் யாரைப் பார்த்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் ஒரு சட்டம் போட்டிருக்கிறீர்கள் சார். சாயங்காலம் ஐந்தரைக்கு அன்றன்றைய படத்தை நீங்கள் பார்ப்பீர்கள். பிழை இருந்தால் திருத்தி முடிக்காமல் அந்த ஆள் வீட்டுக்குப் போகக் கூடாது. நல்ல சட்டம். நான் அதைக் கடைப்பிடிக்க உதவினேன், அவ்வளவுதான்.

ஐந்தரைக்குச் சற்று முன்னால் அக்கா முகம் கழுவி உடுப்பு மாற்றப் போவார். அந்த நேரத்தில் அவர் மேசைக்குப் போய், படத்திலுள்ள குரலை மூன்று ஃப்ரேம் தள்ளிவைப்பேன். கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. உதடு மூடிய பிறகு சொல் வந்து சேரும். மொத்தமாகத் தள்ளினால் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் சரிசெய்துவிடுவார் என்பதால் அங்கொன்று இங்கொன்றாகத் தள்ளினேன். வேலையில் நான் சோம்பேறி இல்லை.

"வாயும் வார்த்தையும் ஒட்டலையே" என்பீர்கள். அக்கா மறுபடி உட்காருவார். நான் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். மாஸ்டர் கேட்டால், அக்காவுக்கு வேலை அதிகம் என்பேன். அதில் பொய் இல்லை.

ஒரு தடவையோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அவர் அடுத்த வகுப்புக்கு வந்து, விட்டதையெல்லாம் ஒரே பாட்டில் பிடித்துவிட்டார். பிறகு நான் என்ன செய்ய முடியும்?

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை, தன் காதைச் சந்தேகப்பட்டார். "நான் சரியாத்தான்டி வெச்சேன். எனக்குச் சரியாத்தானே கேட்டுச்சு" என்று தனக்குள் பேசிக்கொண்டே காதைத் தட்டிப் பார்ப்பார். வகுப்பிலும் அது தொற்றியது. தாளம் விழுந்ததும் உடனே காலை வைக்காமல், பக்கத்தில் இருப்பவர் காலைப் பார்த்துவிட்டு வைத்தார். மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். திரும்பப் போட்டார். திரும்ப நிறுத்தினார்.

காது டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப்போனதும் நான்தான். வேறு யாருக்கு அந்த அக்கறை இருந்தது? காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். படியிறங்கும்போது அக்கா முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"டாக்டருக்கு டான்ஸ் தெரியுமாக்கா?" என்றேன்.

அக்கா அங்கேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நடுவுல நீயே ஆடு கண்ணு. உன் காது நல்லா இருக்கு." மறுநாள் தன் மேடைப் பாவாடையைக் கொண்டுவந்து தந்தார். இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது, மற்றபடி பொருத்தம்தான். அந்த வாரமே உங்களிடம் ராஜினாமா கொடுத்தார். இப்போது ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிறார். அங்கே பாட்டுப் போட்டால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாராம்.

நான் மாட்டிக்கொண்டது என் கையால்தான். அக்கா போன பிறகு அவர் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. நேற்று நானே வெட்டி, நானே சரிபார்த்த சோப்பு விளம்பரம். ஐந்தரை ஆகப்போகிறது என்றதும் கை பழக்கத்தில் போய்க் குரலைத் தள்ளிவிட்டது. "அவங்க போனப்புறமும் எப்படி ஒட்டலை?" என்று நீங்கள் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஆமாம் சார், அத்தனையும் நான் செய்ததுதான். அக்கா காதில் ஒரு கோளாறும் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

அவரை இப்போதே கூப்பிட்டு உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லாமல் இருப்பேனா? நாளைக்கு நிகழ்ச்சி, அது முடியட்டும். முன்வரிசையில் அவருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் தப்பாகத் தட்டிவிடுவேனோ என்று பயந்தார். "மேடையில என்னையே பாருங்கக்கா, நான் தலையாட்டுறப்ப தட்டுங்க" என்று தைரியம் சொல்லியிருக்கிறேன். பாவம், என்னை விட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?