போர்டைக் கொஞ்சம் உசத்திப் பிடிங்கண்ணே

இல்லண்ணே, நான் ஒண்ணும் உங்களைத் தள்ளல. நில்லுங்க, அப்படியே நில்லுங்க. அந்தப் போர்டைக் கொஞ்சம் உசத்திப் பிடிச்சீங்கன்னா நல்லாருக்கும். எதுக்கா? உங்காளு பிளேன்ல இறங்கி வெளிய வந்ததும் பேரு கண்ணுல படணும்ல. வயித்துக்கு நேரா பிடிச்சா யாருக்குத் தெரியும்? ஆங், அப்படி. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். இப்ப சரி. டாக்ஸி ஓட்டறதுக்குப் புதுசா நீங்க? பதினாலு வருசமா! சரி சரி, தெரியாம சொல்லிட்டேன், கோச்சுக்காதீங்க.

நானா? எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். இந்த நாட்டுக்கு இப்பதான் முதல் தடவையா வர்றாரு. கல்யாணமாகி ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சு. அதுல சேர்ந்து இருந்தது பதினோரு நாள். ஏன் அப்படிப் பாக்கறீங்க? பதினோரு நாள்தான். எனக்கு அவ்வளவுதான் லீவு. கண்ணாடிக் கடையில பின் ரூம்ல உக்காந்து லென்சு தேய்க்கிறவ நான். நான் ஒருத்தி இல்லன்னா ஊர்ல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாமப் போயிடும்னு எங்க முதலாளிக்கு ஒரு நெனப்பு.

அவரு லிஃப்ட் மெக்கானிக். பேச்சுன்னா கிலோ என்ன விலைன்னு கேக்கற ஆளு. ஆனா வேலையில கெட்டி. லிஃப்ட்டுல யாராவது மாட்டிக்கிட்டா இவரு முதல்ல ஸ்பேனரைத் தொடவே மாட்டாராம். கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு உள்ள இருக்கறவங்களைப் பேச வைப்பாராம். என்ன வேலை, எத்தனை பிள்ளைங்க, காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு. வாய் ஓடிக்கிட்டே இருந்தா பயம் தலைக்கு ஏறாதாம். அடுத்தவங்களைப் பேச வைக்கத் தெரியுது, தான் பேசத் தெரியல. என்ன மனுசனோ.

விசாவா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. கட்டுன புருசனைக் கூட்டிட்டு வர இந்தப் பாடா! முதல் தடவை ஒரே லெட்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க உறவு உண்மையானதுன்னு நம்ப ஆதாரம் பத்தலயாம். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. கல்யாண போட்டோ நாப்பது அனுப்பினோம். நாப்பதுலயும் இவரு என் பக்கம் திரும்பவே இல்ல. லிஃப்ட்டுக்குள்ள எந்த மாடின்னு நம்பர் பாத்துக்கிட்டு நிக்கிறவரு மாதிரி நேரா முன்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொரு ஆளே நிக்கலாம். ஒரு போட்டோவுல நெசமாவே எங்க சித்தப்பா நிக்கிறாரு.

அப்புறம் பெரியப்பா குடுத்த லெட்டர். சொந்தக்காரங்க யாராவது இவங்க உண்மையான தம்பதின்னு எழுதித் தரணும். எங்க பெரியப்பா ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. முப்பது வருசமா பசங்களுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதின கை சும்மா இருக்குமா? மேற்படி மாப்பிள்ளை எங்கள் குடும்பத்தில் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை அவரது நடத்தை திருப்திகரமாக உள்ளதுன்னு எழுதி, அங்க அடையாளம், இடது முழங்கையில் ஒரு மச்சம்னு போட்டு கையெழுத்தும் போட்டுட்டாரு. மச்சம் எப்படித் தெரியும்னு கேக்கறேன், மாப்பிள்ளையை வரச்சொல்லி சட்டையை மடிச்சுப் பாத்தாராம்.

எல்லாத்தையும் விட மோசம் எங்க மெசேஜுங்கதான். நாங்க தினமும் பேசிக்கிட்டதை அச்சடிச்சு வெச்சா நானூறு பக்கம். நானூறு பக்கமும் என்ன? பிறப்புச் சான்றிதழ் வந்துச்சா. வந்துச்சு. பின்பக்கம் சீல் இருக்கா. இருக்கு. போட்டோ வெள்ளை பேக்ரவுண்டா. வெள்ளைதான். சரி. சரி. எங்க விசா கேஸைப் பாத்த வக்கீலம்மா அதைப் படிச்சுட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை. ஏம்மா, நீங்க புருசன் பொண்டாட்டியா, ஒரே ஆபீஸ்ல ரெண்டு கிளார்க்கான்னு கேட்டாங்க. நாளுக்கு ஒரு தடவையாச்சும் அன்பா ஒரு வார்த்தை போட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்கன்னு ஒரே ஏச்சு.

அதை நான் இவருகிட்ட சொன்னேன். மெக்கானிக் இல்லையா, சொன்னா சொன்னபடி செய்வாரு. அன்னையிலேருந்து எல்லா மெசேஜ் கடைசியிலயும் ஒரு செல்லம். மருத்துவச் சான்றிதழ் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணவும் செல்லம். மூணாம் நம்பர் ஃபாரத்துல கையெழுத்து கோட்டுக்கு வெளிய போயிடுச்சு, திரும்பப் போடு செல்லம். பழக்கதோசத்துல ஒரு நாள் அப்பார்ட்மெண்ட் மேனேஜருக்கும் ஆறாவது மாடி லிஃப்ட் ரெடி செல்லம்னு அனுப்பிட்டாரு. அந்த மேனேஜரு மீசை வெச்ச ஆளுண்ணே. ரொம்ப நன்றின்னு பதில் போட்டிருக்காரு, பாவம்.

என்ன சத்தம்? என் போன்தான். இருக்கட்டும், அதிரட்டும். நீங்க கையை இறக்காதீங்க. வலிக்குதா? கை மாத்திக்கோங்க, ஆனா போர்டு அங்கயே இருக்கட்டும்.

எங்க விட்டேன்? ஆங், இன்டர்வியூ. நூத்தி நாப்பது கேள்வி எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணினோம். யாரு எந்தப் பக்கம் படுப்பா, பல் தேய்க்கிற பிரஷ் என்ன கலரு, யாரு குறட்டை விடுவா. குறட்டை அவருதான்னு பேசி வெச்சோம். கடைசியில அந்த ஆபீசரு லிஸ்ட்ல இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுட்டாரு. உங்க மனைவியைப் பத்தி அவங்களுக்கே தெரியாத விசயம் ஒண்ணு சொல்லுங்கன்னு. இவரு, குறட்டை விடறது அவதான் சார், சொன்னா தூங்காம முழிச்சுக்கிட்டே படுத்திருப்பா, அதான் நான்னு ஒத்துக்கிட்டேன்னு சொல்லிட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்னா, வக்கீலம்மா அந்தப் பேட்டியோட நகல் வாங்கிக் குடுத்தாங்க. என் குறட்டை, அரசாங்க முத்திரையோட! மானம் போச்சு. ஆனா அந்த ஒரு பதில்லதான் விசா கிடைச்சுதுன்னு வக்கீலம்மா அடிச்சுச் சொல்றாங்க. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து நான் பீரோவுல வெச்சிருக்கேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.

சந்தோசம்தாண்ணே. ஏன் சந்தோசம் இல்லாம? பயமா, எனக்கா? என்னத்துக்குப் பயம்?

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. மூணு வாரம் முன்னாடி இவரு ஒரு மெசேஜ் போட்டாரு. விசா வந்துருச்சு, டிக்கெட் எடுத்துட்டேன். அவ்வளவுதான். நான் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், கடைசியில செல்லத்தைக் காணோம். மறுநாள், பெட்டி வாங்கிட்டேன். செல்லம் இல்ல. அதுக்கு மறுநாள், பெட்டி இருபத்திரண்டு கிலோ இருக்கு. இல்ல! ஃபாரம் முடிஞ்சுது, செல்லமும் முடிஞ்சுது. என்னன்னு கேக்கறது? ஏங்க, அந்தச் செல்லம் எங்கங்கன்னா? எனக்கும் ஒரு வீம்பு, நானும் சரின்னு மட்டும் போட்டுக்கிட்டிருந்தேன்.

நெனச்சுப் பாருங்கண்ணே. ரெண்டு வருசமா நாங்க பேசினதெல்லாம் அந்த ஃபைலைப் பத்திதான். அதை மூடிட்டாங்க. நாளைக்குக் காலையில எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறப்ப என்னத்தைப் பேசறது? சீல் இருக்கான்னா கேக்க முடியும்? அந்தச் செல்லம் எனக்குன்னு வந்துச்சா, ஆபீசருக்குன்னு வந்துச்சான்னு தெரியாம, ஒரு மனுசனை எப்படி வாங்கன்னு கூப்பிடறது? ராத்திரி இதே நெனப்பு. குறட்டை கூட வந்திருக்காது.

ஐயையோ, உங்காளு வந்தாச்சா? எங்க, அந்தக் கோட்டுக்காரரா? போயிடாதீங்கண்ணே, ஒரே ஒரு நிமிசம். அவரு எப்படியும் பாத்ரூம் பக்கம்தான் போறாரு. நில்லுங்க, உண்மையைச் சொல்லிடறேன். அந்தத் தூணு இருக்குல்ல, அது பக்கத்துல பச்சைப் பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு, நேரா வாசக் கதவையே பாத்துக்கிட்டு ஒருத்தரு நிக்கிறாரு பாருங்க. திரும்பாதீங்க! மெதுவா. அவருதான்.

ஆமா. அரை மணி நேரமாச்சு வெளிய வந்து. உங்க போர்டுக்குப் பின்னாடி நின்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன். இளைச்சுட்டாரு. மாட்டிக்கிட்டா யாருகிட்டயாவது பேசிக்கிட்டே இருக்கணும்னு அவருதான சொன்னாரு, அதான் உங்க உயிரை வாங்கிட்டேன்.

போன் திரும்ப அதிருது பாருங்க. நாலாவது தடவை. நான் பாக்க மாட்டேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. இந்தாங்க. கடைசி வார்த்தை என்னன்னு மட்டும் சொல்லுங்க, போதும். என்னண்ணே இப்படி நெளியறீங்க? நீங்களா என்னைக் கூப்பிடறீங்க, எழுதியிருக்கறதைப் படிக்கப்போறீங்க, அவ்வளவுதான? குடுங்க, நானே படிச்சுக்கறேன்.

வெளிய வந்துட்டேன். தூண் பக்கத்துல நிக்கிறேன். பஸ் லேட்டா? அவசரம் இல்ல, மெதுவா வா செல்லம்.

இல்லண்ணே, அழல. லென்சுத் தூசி. கடையிலேருந்து நேரா வந்தேன்ல.

எந்த ஆபீசரும் படிக்கப் போறதில்லண்ணே இதை. ஃபைலைத்தான் மூடிட்டாங்களே.

போர்டைக் கீழ இறக்குங்க. இறக்குங்கண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு நான் தெரியணும்ல.