பழைய சாலையின் பச்சைக் கோடு

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் யாரும் எங்கள் இணையதளத்தைப் பார்த்துப் பயணம் கிளம்புவதில்லை. எழுதிவைத்த விதி அல்ல. புதிதாகச் சேர்பவருக்கு யாரும் சொல்லித் தருவதும் இல்லை. எந்தத் தேநீர்க் குவளை யாருடையது என்பதைப் போல, வந்த சில வாரங்களில் தானாகப் புரிந்துவிடும். மலையைத் தாண்ட வேண்டுமென்றால் கொக்கி அண்ணனுக்குப் போன் செய்வோம். பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரியின் ஓட்டுநர். பகலெல்லாம் மலையிலேயே கிடப்பவர். எந்தச் சாலை, எப்போது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கேட்டுக்கொண்டு, நாற்காலியைத் திருப்பி, ஊருக்கெல்லாம் வழி சொல்லும் வேலையைத் தொடர்வோம்.

இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் கருதியதில்லை. நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், ஐயா. ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

புறப்படும் இடம், சேரும் இடம், நாள் ஆகியவற்றைக் கொடுத்தால், எப்போது கிளம்பலாம், எந்த வழியில் போகலாம் என்று எங்கள் தளம் சொல்லும். மலையைக் கடக்க நெடுஞ்சாலை உண்டு. ஒடுங்கி, வளைந்து வளைந்து போகும் பழைய சாலையும் உண்டு. நெடுஞ்சாலைக்கு அடியில் சென்சார்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு தாமதப்படுகிறது என்று அவை அளந்துகொண்டே இருக்கும். பழைய சாலையில் அவை இல்லை. அங்கே திரும்பிவிட்ட வண்டி, எங்களைப் பொறுத்தவரை, உலகத்தில் இல்லாத வண்டி. இல்லாத வண்டி தாமதமாவதும் இல்லை.

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறது. நெடுஞ்சாலையின் சராசரித் தாமதம் அதில் ஒற்றை எண்ணாக நிற்கும். மேலாளர் உள்ளே வந்தால் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு அதைத்தான் பார்ப்பார். எண் இறங்கியிருந்தால் எங்களுக்கும் ஒரு புன்னகை கிடைக்கும். அதை இறக்குவதில் எனக்கென்று ஒரு கைவண்ணம் இருந்தது. மழையில் சென்சார் பிசகினால் பயண நேரத்தைக் கையால் திருத்தும் உரிமை என்னிடம் இருந்தது. நெரிசல் நாட்களில், பிசகாத சென்சாரையும் நான் திருத்துவேன். தளத்தில் மட்டும் நெடுஞ்சாலையின் நேரத்தைச் சற்றே கூட்டிப் போடுவேன். உடனே தளம் பழைய சாலையைப் பச்சைக் கோடாகக் காட்டும். மக்கள் அந்தப் பக்கம் திரும்புவார்கள், நெடுஞ்சாலை மூச்சுவிடும், சுவரில் எண் இறங்கும். இதற்காக எனக்கு ஒரு கேடயம்கூடத் தந்தார்கள். கேமராக்களைக் கவனிக்கும் பக்கத்து இருக்கைப் பெண் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேடயம் உங்களுக்கு, வளைவு அவங்களுக்கு" என்றாள். நகைச்சுவை உணர்வுள்ள பெண் என்றுதான் அன்று நினைத்தேன்.

நீண்ட விடுமுறை தொடங்கிய அந்த நாளுக்கு வருகிறேன். மழை விடவில்லை. வழக்கத்துக்கு மாறாகக் கொக்கி அண்ணனே என்னை அழைத்தார். இரைச்சலில் கத்திப் பேசியே பழகியவர். அவர் குரல் பக்கத்து இருக்கைக்கும் கேட்கும்.

"தம்பி, பழைய ரோட்டுல மூணாவது வளைவு வாயைப் பொளந்துட்டு நிக்குது. ஒரு வண்டியையும் ஏத்தாதீங்க."

எழுத்தில் அனுப்பும்படி மரியாதையாகவே கேட்டேன். தான் எழுதி முடிக்கும்வரை ரோடு காத்திருக்குமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எழுத்துமூலத் தகவல் இல்லாமல் எந்தச் சாலையையும் மூடக் கூடாது என்பது நடைமுறை. அதை நான் மீறவில்லை. மேலும் அந்த நேரத்தில் சுவரிலிருந்த எண், திரை மாட்டிய நாளிலிருந்து நாங்கள் பார்த்திராத அளவுக்கு இறங்கியிருந்தது. தூங்கும் குழந்தையை எழுப்ப எப்படி மனம் வராதோ, அப்படி அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இரக்கமற்றவன் என்று செய்தித்தாளில் எழுதியிருந்தார்கள். அது சரியல்ல. கொக்கி அண்ணன் போனை வைத்ததும் என் மனைவியின் தம்பியைத்தான் நினைத்தேன். அன்று அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. உடனே அழைத்தேன்.

"மாப்ளே, பழைய ரோட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே. ஹைவேயிலயே வா. காலியாத்தான் இருக்கு."

அவன் சொன்னபடியே வந்து சேர்ந்தான். அத்தான் இருக்கும்போது தனக்கென்ன கவலை என்று என் மனைவியிடம் சொன்னானாம்.

அவனிடம் பேசி முடித்த கையோடு உதவி எண்ணில் ஓர் அழைப்பு வந்தது. ஒரு செவிலி. தாயாரைக் கண் அறுவைச் சிகிச்சைக்காக மலைக்கு அப்பால் அழைத்துப் போகிறாள். சாலை பிரியும் இடத்தில் ஓரமாக நின்ற அவளுடைய வெள்ளைக் கார் கேமராவில் தெரிந்தது. விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன.

"சார், உங்க சைட்டுல பழைய ரோடு பச்சையா இருக்கு. ஆனா நேர்ல பார்த்தா பயமா இருக்கு. அம்மா கூட இருக்காங்க. போகலாமா சார்?"

"பச்சைன்னா பச்சைதாம்மா. தைரியமாப் போங்க."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. கோடு பச்சையாகத்தான் இருந்தது. அதைப் பச்சையாக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளைக் கார் மெல்லத் திரும்பியது.

மூன்றாவது வளைவில் அன்று மலை இறங்கியது. நான்கு வண்டிகள் அதனோடு போயின. செவிலியை மட்டும் கொக்கி அண்ணன் கயிறு கட்டி மேலே இழுத்தார். நெடுஞ்சாலையில் எதுவும் நடக்கவில்லை. சுவரிலிருந்த எண் அசையவே இல்லை.

நேற்றைய பொது விசாரணையில் நீங்களும் இருந்தீர்கள். மேலாளர் மழையைப் பற்றி விரிவாகப் பேசினார். செவிலி, கட்டுப்போட்ட கையோடு எழுந்து, குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்க வீட்டு ஆளுங்களை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புறப்ப, இதைப் பார்த்துத்தான் அனுப்புவீங்களா?"

கேள்வி விசாரணையின் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று மேலாளர் தொடங்கினார். நாங்கள் அனைவரும் மேசையைப் பார்த்தோம். அத்தனை பேரில் ஒருவரும் நிமிரவில்லை. அந்த ஒழுங்கை நினைத்து எனக்குப் பெருமிதமாகக்கூட இருந்தது. அப்போது பக்கத்து இருக்கைப் பெண் எழுந்தாள். அவளை யாரும் பேச அழைக்கவில்லை.

"இல்லம்மா. நாங்க யாரும் அதைப் பார்க்கிறதே இல்லை. கொக்கி அண்ணனுக்குப் போன் போட்டுத்தான் கிளம்புவோம். அன்னிக்கும் அந்த ரோடு வேணாம்னு சொன்னாரு. இவர் காதுல விழுந்துச்சு. என் காதுலயும் விழுந்துச்சு. நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு கொக்கி அண்ணனின் எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக, எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கூடமே குனிந்து எழுதிக்கொண்டது. தாள் இல்லாதவர்கள் உள்ளங்கையில் எழுதினார்கள். நீங்களும் எழுதினீர்கள், ஐயா, நான் கவனித்தேன்.

நான் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அது மனப்பாடம்.