கக்குவான் கிருமியின் வகை பிரித்த எங்கள் ‘மறுபடி’ அக்காவுக்கு

கண்ணாடித் தகட்டில் கண்ணும் கருத்தும் பதித்தவரே! கக்குவான் இருமலின் கிருமியை இன்ன வகையென்று இனம் பிரித்து உரைத்தவரே! அவசரம் என்று எவர் வந்து கதவைத் தட்டினாலும் அசைந்து கொடுக்காத அன்பு அக்கா அவர்களே, ஆய்வகத்தாரின் வணக்கம்.

இன்று நீங்கள் ஓய்வு பெறும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மேசை உங்களுடையதாக இருந்தது. கிருமி கரைத்த துளியோடு, வகையைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிசீரம் ஒரு துளி சேர்த்து, தகட்டை மெல்லச் சாய்த்துப் பார்ப்பது வெளியாருக்கு எளிய வேலை. பால் திரிந்தாற்போல் திரண்டால் அந்த வகை, திரளாவிட்டால் இல்லை, அவ்வளவுதானே என்பார்கள். பழைய சீரப் புட்டி சொன்னதைப் புதுப் புட்டி சொல்லாமல் போகலாம் என்பதையும், சில கிருமிகள் வெறும் உப்புநீரிலேயே திரண்டு ஏய்க்கும் என்பதையும் அறிந்த நீங்கள், ஐயம் எழுந்தபோதெல்லாம் “மறுபடி” என்றீர்கள். வார்டு டாக்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த அந்தப் பெயர்தான் எங்களுக்குச் செல்லப்பெயர் ஆயிற்று.

இன்னும் புகழ ஆசைதான். பயம் விடவில்லை.

போன மாதம் ஒரு தகட்டை நீட்டி, “நல்லா திரிஞ்சிருக்கு, பாத்தீங்களா?” என்றீர்கள். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்து, “ஆமாக்கா” என்றோம்.

“இதுல சீரமே விடல. எதுவும் திரியவும் இல்ல. நீங்க தகட்டைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாத்தீங்க.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் கண்ணை எங்களாலேயே நம்ப முடியவில்லை.

இப்போது பச்சிளங்குழந்தைகள் வார்டில் இரண்டு குழந்தைகள் இருமிக்கொண்டிருக்கிறார்கள். முதல் குழந்தையின் கிருமி எந்த வகை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அடுத்த குழந்தையின் கிருமி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலை நாங்கள்தான் பார்க்க வேண்டும். வகை வேறானால், ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றவில்லை என்று மூச்சு விடலாம். ஒன்றேயானால் வார்டையே மூட நேரலாம். ஒரே வகையை வேறென்று நாங்கள் தவறிச் சொன்னால், பக்கத்துத் தொட்டிலிலும் இருமல் கேட்கும்.

இருமலும் இளைப்பும் அண்டாமல், கண்ணொளி குன்றாமல், உற்றாரும் பிள்ளைகளும் சூழ, நெடுங்காலம் நிம்மதியாக நீங்கள் வாழ வேண்டும். நாளைக் காலை எங்களில் ஒருவர் கட்டாயம் உங்களுக்கு போன் செய்வார். நீங்கள் “திரிஞ்சிருக்கா?” என்று கேட்கும் குரலிலேயே விடையைத் தேடுவோம். ஆகவே அக்கா, தயவுசெய்து எடுக்காதீர்கள்.

நன்றியோடும் நடுக்கத்தோடும்,
நாளை உங்கள் மேசையில் அமரப்போகும் மூவர்