ஐசும்மா கங்கு

தீப்பெட்டிய மடியில வையும் மருமவனே. வெளியூர்க்காரரு, உமக்குத் தெரியாது. இந்த ஊர் அம்மன் கொடையில பொங்கப்பானைக்குத் தீக்குச்சி கிழிக்கப்படாது. அடுப்புல கனிஞ்ச கங்கு வரும். அது வார வரைக்கும் ஒரு கதை சொல்லுதேன், கேளும். மத்தவங்களும் கிட்டத்துல வந்து இருங்க. 'உம்' கொட்டாதவனுக்குக் கதையும் கெடையாது, பொங்கலும் கெடையாது.

அது ஒரு காலம். நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பொறக்காத காலம். அப்போ சாத்தானேரி சாத்தானேரின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இதே ஊருதான். ஊரு இருந்துச்சு, பேச்சியம்மன் இருந்தா, குளம் இருந்துச்சு. குளத்துல தண்ணிதான் இல்ல. ஏன் இல்ல? பூராவும் கோரை. ஆள் உசரத்துக்குக் கோரை. வருசா வருசம் கோடையில ஊரே கூடித் தீ வச்சுக் கொளுத்துவாவளாம். மழை ஒண்ணு பெஞ்சா போதும், போன சொந்தக்காரன் திரும்பி வந்த மாதிரி மறுபடியும் வந்து நிக்குமாம்.

தீப்பெட்டின்னு ஒண்ணு கண்ணால கண்டதில்ல அப்போ. காலையில அடுப்பு அணைஞ்சு கெடந்தா, பொம்பளைய தேங்காச் செரட்டையத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவாவ. "ஏ மதினி, ஒரு கங்கு தா." அவ தருவா. அவ அடுப்பும் அணைஞ்சு கெடந்தா அடுத்த வீடு. எல்லா வீடும் கைவிட்டா பேச்சியம்மன் கோயில் விளக்கு. அது அணைஞ்சதே இல்லயாம்.

அதுல ஊருக்குன்னு ஒரு சட்டம் வச்சிருந்தாவ. எவன் நெருப்புல நீ சோறு பொங்கித் திங்கிறியோ, அவன் ஊர்க்காரன் நீ. அம்புட்டுத்தான் சட்டம். நெருப்பு குடுத்தா ஊரு குடுத்த மாதிரி. குளத்துத் தண்ணியில பங்கு உண்டு, கொடையில வரி உண்டு, செத்தா தூக்க நாலு பேரு உண்டு. அதனால வழிப்போக்கன் வந்தா கஞ்சி ஊத்துவாவ, தண்ணி குடுப்பாவ, கோயில் வாசல்ல படுக்க எடம் குடுப்பாவ. நெருப்பு மட்டும் குடுக்க மாட்டாவ.

அப்படி இருக்கையில, ஒரு பங்குனி வெயில்ல மலைக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு பேரு வந்தாவளாம். மலைக்கு அந்தப் பக்கம்னா சும்மாவா? வேற ராசா, வேற காசு, வேற பேச்சு. புருசன் பேரு மம்மது. பாய் நெய்யிறவன். நடந்து வந்த நடையில அவன் நெஞ்சுல இருமல் குடி ஏறிட்டு. பொண்டாட்டி பேரு ஐசும்மா. தலையில முக்காடு, இடுப்புல ஒரு மண்சட்டி. சட்டிய அவ கீழயே வைக்கலையாம்.

அப்போ ஊர் நாட்டாமை சொரிமுத்து. மீசையும் குரலும் பெருசு. அவரு கேட்டாராம்:

"யாரு நீங்க? எதுக்கு வந்திய?"

"ஆத்து வெள்ளம் எங்க வீட்டக் கொண்டு போச்சு. பிள்ளையவும் கொண்டு போச்சு. பிழைக்க எடம் தேடி வந்தோம்."

நாட்டாமைக்கு மனசு இளகிட்டு. இளகுனாலும் சட்டம் சட்டம்லா? ஊரப் பாத்துச் சொன்னாராம்: "கஞ்சி குடுங்க. தண்ணி குடுங்க. நெருப்பு மட்டும் குடுக்காதீய."

ஐசும்மா சிரிச்சாளாம். "நெருப்பு என்கிட்ட உண்டு"ன்னு சட்டி மூடியத் தொறந்து காட்டுனாளாம். உள்ள உமியும் வறட்டியும். அதுக்கடியில கண்ணு மாதிரி ஒரு கங்கு மினுங்குது. அவ தாய் வீட்டு அடுப்புல எடுத்தது. வெள்ளத்துல மிஞ்சுனது அது ஒண்ணுதான். காடு மலையெல்லாம் உமி போட்டு உமி போட்டு அத உயிரோட கொண்டு வந்திருக்கா.

ஊருக்கு மொகம் செத்துப் போச்சு. நாங்க குடுக்க மாட்டோம்னு சொல்லத்தானே சட்டம்? வேணாம்னு சொல்லுறவள என்ன செய்ய?

அப்பதான் ஐசும்மா குளத்தத் திரும்பிப் பாத்தாளாம். பாத்தவ பாத்தபடியே நின்னாளாம். "நாட்டாமைக்காரே, அந்தக் கோரைய என்ன செய்வீங்க?"

"கொளுத்துவோம்."

"கொளுத்துவீங்களா!" அவளுக்கு வயிறு எரிஞ்சு போச்சாம். "அத எனக்குத் தாங்க."

ஊரு சிரிச்ச சிரிப்புல கோயில் புறாவெல்லாம் பறந்துட்டாம். நாட்டாமை சொன்னாராம்: "வேரோட எடுத்துக்கோ தாயி. ஆனா ஐப்பசி மழைக்கு முன்னாடி எடத்தக் காலி பண்ணணும். சம்மதமா?"

சம்மதம்னு சொன்னா. வேற என்ன சொல்லுவா? மம்மதுக்கு அந்த மலைய இன்னொரு தரம் ஏற நெஞ்சுல மூச்சு கெடையாது. அது அவளுக்குத் தெரியும். ஐப்பசி வரைக்குமாவது அவன் ஒரே எடத்துல படுக்கட்டும்னு நெனச்சா.

குளத்துக் கரையில மடைக்குப் பக்கத்துல குடிசை போட்டாவ. அறுத்தாவ, கீறுனாவ, ஊற வச்சாவ, காய வச்சாவ, சாயம் போட்டாவ, நெய்ஞ்சாவ. மொதப் பாய் சந்தைக்குப் போச்சு. போன பாய் திரும்பி வரல, கூட நாலு பாய் கொண்டான்னு சொல்லு வந்துச்சு. அப்புறம் வியாபாரி வண்டி கட்டிக்கிட்டு ஊருக்கே வந்துட்டான். பாய் வாங்க வந்தவன் வெறும் வண்டியோடயா நிப்பான்? "கருப்பட்டி இருக்கா?" இருக்கு. "புளி இருக்கா?" இருக்கு. அதுவரைக்கும் சாத்தானேரிப் புளி சாத்தானேரிப் பானையிலயே கெடந்து கறுத்துது.

ஐசும்மா ஒத்தையா அறுத்து முடியுமா? ஊர்ப் பொம்பளைய கூலிக்குப் போனாவ. கூலிக்குப் போனவளுக நெய்யப் பழகுனாவ. கோரை கொறையக் கொறைய குளத்துல எடம் கெடச்சுது. ஆடிச் சாரல்ல நின்ன தண்ணி, கடைசி வயலு வரைக்கும் போச்சாம். கடைசி வயலுக்காரன் தண்ணியப் பாத்து அழுதானாம்.

அப்படியும் மொணமொணக்க நாலு பேரு இல்லாம ஊரா? "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுச்சாம், பாத்துக்கிட்டே இருங்கடே"ன்னு சொன்னாவளாம். சொன்னவன் படுத்துக்கிட்டுச் சொன்னான். எதுல படுத்திருந்தான்? அவ நெய்ஞ்ச பாயில.

நாட்டாமை மக பூலம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தா. மாசம் ஏறியும் மசக்கை விடல, எதுவும் எறங்கல. ஐசும்மா அரிசி மாவுல பத்திரி தட்டி, தேங்காப்பால ஊத்திக் குடுத்தா. அது எறங்கிச்சு. அன்னையில இருந்து பூலம்மா தெனமும் குளத்துக்கரைதான். நாட்டாமைக்குப் பிடிக்கல.

"அவ போகப் போறவ. ஒட்டாத."

"போகச் சொன்னது யாரு? நீங்கதான?"

"சட்டம் சொல்லுது."

"அப்போ சட்டத்தையே பத்திரி சுடச் சொல்லுங்க"ன்னாளாம் பூலம்மா. அந்த வாய்தான் இன்னைக்கும் எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இருக்கு.

ஐப்பசி பொறந்துச்சு. நாட்டாமை கரைக்கு வந்தாரு. குளத்தப் பாத்தாரு, பாயப் பாத்தாரு, மம்மது இருமுறதப் பாத்தாரு. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாராம்: "தாயி, வானம் கறுக்குது."

"தெரியுது நாட்டாமைக்காரே. வார சந்தைக்கு இந்தப் பாயெல்லாம் குடுத்துட்டுப் பொறப்படுறோம்."

அன்னைக்கு அவ அழுதாளாம். வெள்ளத்துல பிள்ள போனப்ப அழுதவ, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அழுதாளாம்.

சந்தை வரதுக்கு முன்னாடி மழை வந்துட்டு. மழையா அது? புயலு. பகலு இருட்டிப் போச்சு. கூரையெல்லாம் பறக்குது. பனை முறியுது. குளத்துக்கரைக் குடிசையக் காத்து அள்ளிக்கிட்டுப் போச்சு. புருசனும் பொண்டாட்டியும் மடைக்கல்லு மறைவுல ஒண்டுனாவ. முன்னால ஒரு பக்கம் பாயி, அவங்க பாடுபட்ட அம்புட்டும். இன்னொரு பக்கம் கங்குச் சட்டி. கல்லுக்கடியில ரெண்டுக்கும் எடம் கெடையாது.

மம்மது கத்துனான்: "பாய உள்ள தள்ளு! அதுதான் நம்ம சோறு!"

ஐசும்மா என்ன செஞ்சா? சட்டிய உள்ள வச்சா. பாயையெல்லாம் அதச் சுத்தி நட்டு, மேல போட்டு மூடுனா. "பாயி நாளைக்கு நெய்யலாம். இது அணைஞ்சா எங்கம்மா அணைஞ்ச மாதிரி"ன்னாளாம். பாயெல்லாம் ஊறி, சாயம் ஓடி, செவப்பும் பச்சையுமா மடையில போச்சாம்.

மழை அன்னைக்கும் பெஞ்சுது, மறுநாளும் பெஞ்சுது. ஊருல என்ன கதை? கூரை ஒழுகி அடுப்பு அணைஞ்சுது. ஒண்ணு அணைஞ்சுது, பக்கத்துது அணைஞ்சுது, தெருவே அணைஞ்சுது. கோயிலுக்கு ஓடுனாவ. கோயில் விளக்கும் அணைஞ்சு கெடக்கு. சிக்கிமுக்கிக் கல்லத் தட்டுனா பஞ்சு ஈரம். அடுத்த ஊருக்குப் போக ஓடையில கழுத்தளவு வெள்ளம். சாத்தானேரியில பொட்டு நெருப்பு இல்ல.

அந்த நேரம் பாத்துப் பூலம்மாவுக்கு வலி. பிள்ள பொறந்துட்டு. பொறந்த பிள்ள அழல. ஈரக்காத்துல வெறைச்சு நீலம் பாரிச்சுக் கெடக்கு. மருத்துவச்சி கத்துறா: "வெந்நி கொண்டாங்க! ஒத்தடம் குடுக்கக் கங்கு கொண்டாங்க! பிள்ள கைய விட்டுப் போவுது!"

எங்கருந்து கொண்டார? எல்லாரும் நாட்டாமை மொகத்தப் பாக்காவ. நாட்டாமை யாரு மொகத்தையும் பாக்கல. துண்ட இடுப்புல கட்டுனாரு, மழையில எறங்குனாரு. கரையில வழுக்கி விழுந்தாரு. எந்திரிச்சாரு. மறுபடியும் விழுந்தாரு. மடைகிட்டப் போயி நின்னாரு. நெருப்பு குடுக்காதீயன்னு சொன்ன வாயி, 'நெருப்பு தா'ன்னு எப்படிக் கேக்கும்?

ஐசும்மா அவரு மீசையில தண்ணி ஒழுகுறதப் பாத்தா. "யாருக்கு?"

"பூலம்மா பிள்ள..."

அதுக்கு மேல அவரச் சொல்ல விடல. சட்டிய எடுத்து நெஞ்சோட அணைச்சா. "பாயப் பிடிங்க!"ன்னா. நாட்டாமை ஈரப்பாயக் குடையா ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சாரு. அதுக்கடியில அவ நடந்தா. ஊர் நாட்டாமை ஒரு வந்தேறிக்குக் குடை பிடிச்சு வாரத தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சாம். ஒருத்தரும் சிரிக்கலையாம்.

அடுப்பு எரிஞ்சுது. வெந்நி வச்சாவ. ஐசும்மா துணிய அனல்ல காட்டிக் காட்டிப் பிள்ள நெஞ்சுல ஒத்துனா, முதுகுல ஒத்துனா, உள்ளங்கால்ல ஒத்துனா. ஒத்திக்கிட்டே என்னமோ அவ பாசையில பேசுனாளாம். யாருக்கும் புரியல, பிள்ளைக்குப் புரிஞ்சிட்டு. வீல்னு ஒரு அழுகை. மழைச் சத்தத்தத் தாண்டி அந்த அழுகை கேட்டுச்சாம்.

அப்புறம் என்ன? வாசல்ல செரட்டை. வரிசையா செரட்டை. "ஐசும்மா, ஒரு கங்கு தா." "மதினி, எனக்கு ஒண்ணு." பிடாரிக் கதை சொன்னவனும் செரட்டையோட நின்னான். அவ எல்லாருக்கும் குடுத்தா. கோயில் விளக்கும் அந்தக் கங்குலதான் மறுபடியும் எரிஞ்சுது. அன்னைக்கு சாத்தானேரி பூரா அவ நெருப்புல பொங்கித் தின்னுச்சு.

வெயிலு அடிச்சுது. ஊரு கூடிச்சு. ஐசும்மாவும் மம்மதும் மூட்டையக் கட்டிக்கிட்டு, சொல்லிட்டுப் போக வந்து நிக்காவ. வாக்கு குடுத்தவ இல்லியா? அப்போ உலகம்மைன்னு ஒரு கெழவி, ஊருக்கே மூத்தவ, கம்ப ஊனிக்கிட்டு எந்திரிச்சாளாம்.

"ஏ சொரிமுத்து, நம்ம சட்டம் என்ன?"

"எவன் நெருப்புல சோறு பொங்கித் திங்கிறமோ, அவன் ஊர்க்காரன் நாம."

"நீ யாரு நெருப்புல தின்ன?"

"ஐசும்மா நெருப்புல."

"நானு?"

"ஐசும்மா நெருப்புல."

"பேச்சியம்மன் விளக்கு?"

"அதுவும்தான்."

"அப்போ இது யாரு ஊருடே? அவள இருக்கச் சொல்ல நீ யாரு, போகச் சொல்ல நீ யாரு? நம்ம இருக்கலாமா கூடாதான்னு அவகிட்டக் கேளு!"

நாட்டாமை தலைத்துண்ட எடுத்துக் கையில பிடிச்சாராம். பேரன கையில வாங்கிக்கிட்டு ஐசும்மா முன்னால போயி நின்னாராம். அந்தப் பெரிய குரலு சின்னதாகிப் போச்சாம்.

"தாயி, நாங்க இந்த ஊருல இருந்துக்கிடலாமா?"

ஐசும்மா மூட்டைய எறக்கி வச்சா. பிள்ளைய வாங்கி இடுப்புல வச்சா, முன்ன சட்டி இருந்த எடத்துல. ஒவ்வொரு மொகமா பாத்துட்டுச் சொன்னாளாம்:

"இருங்க. கோரைய மட்டும் கொளுத்தாதீங்க."

அம்புட்டுத்தான் கதை. மம்மது நல்ல காத்துல இன்னும் ரொம்ப காலம் இருந்தான். அவன் போனப்ப ஊரே சொமந்துச்சு. அந்தக் கரைக்குப் பேரு ஐசும்மா கரை. அதுல ஒரு பாத்திக் கோரைய இன்னைக்கும் யாரும் கையால தொட்டு அறுக்க மாட்டாவ, அது அவ பங்கு. நம்ம வீட்டுக் கல்யாணத்துல பொண்ணும் மாப்ளையும் உக்காருற பாயி அவ வம்சத்து வீட்டுல இருந்து வரும். நீரும் அதுலதான் உக்காந்தீரு, மறந்துட்டீரா? கொடைக்கு மொதக் கங்கு அந்த வீட்டு அடுப்புல இருந்துதான் வரும். அந்த நாட்டாமை பேரன் வம்சம்தான் நாங்க. அன்னைக்கு அவன் அழலைன்னா இன்னைக்கு உமக்குப் பொண்ணும் இல்ல, பொங்கலும் இல்ல.

இன்னொண்ணு. புதுசா யாரு ஊருக்குக் குடிவந்தாலும், வந்த அன்னைக்கே அவங்க வாசலுக்கு ஒரு கங்கு போவும். நாலு வருசத்துக்கு முன்னாடி வடக்க இருந்து செங்கச் சூளை வேலைக்கு ஒரிசாக்காரப் பிள்ளைய வந்தாவ. அவங்ககிட்ட கேஸ் அடுப்பு இருக்கு. இருந்தாலும் கொண்டு போனோம். கங்கப் பாத்து முழிச்சாவ. அப்புறம் ஒரு பிள்ள கண்ணு கலங்கிட்டு, அவங்க ஊருலயும் இப்படி ஒரு வழக்கம் உண்டாம்.

அந்தா, கொட்டுச் சத்தம் கேக்கு. சட்டி வருது பாரும். முன்னால பாயக் குடையா பிடிச்சுக்கிட்டு வாரது நம்ம நாட்டாமை. சட்டியச் சொமந்து வாரது யாருன்னு தெரியுதா? ஐசும்மா வம்சத்துப் பொண்ணு கையப் பிடிச்சு நடந்து வாராளே, அவதான். சூளைக்கார ஒரிசாப் பொண்ணு, சுகந்தி. ஐசும்மா வீட்டுக்காரவதான் சொன்னாவ, இந்த வருசம் அவ சொமக்கட்டும்னு. எந்திரியும் மருமவனே. வழி விடும்.